கல்லைப் புரட்டினால் தெரியும்: நொய்யலில் மாசு பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு

நான் முதன்முதலில் நொய்யலில் இறங்கியது ஒரு திங்கள்கிழமை காலை. கையில் தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டுகிற ஒரு டிடிஎஸ் பேனா, அமிலமா காரமா என்று காட்டுகிற ஒரு கட்டு பிஹெச் தாள், அவ்வளவுதான். தண்ணீர் ஓரளவு தெளிவாகத்தான் ஓடியது, நுரை இல்லை, சாய நிறம் இல்லை, பேனா காட்டிய எண்ணும் பயமுறுத்துகிற மாதிரி இல்லை. 'பரவாயில்லை' என்று நோட்டில் எழுதிவிட்டுக் கரையேறும்போது, கூட வந்திருந்த விலங்கியல் படித்த அண்ணன் ஒருவர் ஒரு கல்லைப் புரட்டி என் மூக்குக்கு நேரே நீட்டினார். அடிப்பக்கம் கன்னங்கரேல் என்று இருந்தது. அழுகிய முட்டை வாடை. ஒட்டியிருந்த சேற்றில் சிவப்பு நூல் மாதிரி புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன, வேறு ஒரு உயிரும் கிடையாது. "இன்னிக்குத் தண்ணி நல்லா இருக்கலாம் தம்பி, போன மாசம் பூரா என்ன வந்துச்சுன்னு இதுககிட்டத்தான் கேக்கோணும்" என்றார். பாலத்தோரம் டீக்கடையில் விசாரித்தபோதுதான், மழை பெய்கிற ராத்திரிகளில் யாரோ எதையோ திறந்துவிடுவது ஊருக்கே தெரிந்த விஷயம் என்று புரிந்தது.

அன்றைக்கு நான் செய்த தப்பை நீங்கள் செய்ய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். மீட்டர் சொல்வது நீங்கள் நிற்கிற அந்த நிமிடத்துத் தண்ணீரைப் பற்றி மட்டும்தான். கல்லுக்கு அடியில் இருக்கிற பூச்சியும் புழுவும் வாரக்கணக்கில், சில இனங்கள் மாதக்கணக்கில், அதே இடத்தில் கிடந்து வந்ததையெல்லாம் வாங்கிக்கொண்டவை. மீன் மாதிரி நீந்தித் தப்பிக்க அவற்றால் முடியாது. அதற்காக மீட்டர் வேண்டாம் என்று அர்த்தமில்லை: ஏதோ நடந்திருக்கிறது என்று பூச்சி சொல்லும், என்ன நடந்தது என்று வேதியியல்தான் சொல்லும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கப் பழகுவதுதான் வேலையே.

நொய்யலை எடுத்துக்கொண்டது எனக்குப் பழகிய ஆறு என்பதால் மட்டுமில்லை. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோயம்புத்தூர் சாக்கடையை வாங்கி, திருப்பூர் சாயத்தை வாங்கி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிற ஆறு இது. மலைத் தண்ணீர், நகரக் கழிவு, ஆலைக் கழிவு மூன்றையும் ஒரே ஆற்றில், அதுவும் ஒரு நாள் பைக் பயணத்தில் பார்த்துவிடலாம். கற்றுக்கொள்வதற்கு இதைவிட வசதியான (இப்படிச் சொல்லவே வருத்தமாகத்தான் இருக்கிறது) ஆறு கிடைப்பது கஷ்டம். உங்கள் ஊர் ஆறு வேறாக இருந்தாலும் முறை இதேதான்.

முதலில் இடம் பிடியுங்கள்

ஒரே ஒரு இடத்தில் எடுத்த அளவு எதையும் சொல்லாது. குறைந்தது மூன்று இடம் வேண்டும்: சாக்கடையோ ஓடையோ கலக்கிற இடத்துக்கு மேலே ஒன்று, கலந்த பிறகு கொஞ்சம் கீழே ஒன்று, இன்னும் இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி ஒன்று. மூன்றாவது இடம் எதற்கென்றால், ஆறு தன்னைத்தானே தேற்றிக்கொள்கிறதா என்று பார்க்க.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. கலக்கிற கழிவுநீர் உடனே ஆற்றோடு கலந்துவிடாது. ஒரு கரையை ஒட்டியே வெகுதூரம் போகும், எதிர்க்கரையில் நின்று அளந்தால் எல்லாம் சுத்தம் என்று காட்டும். அதனால் மின்கடத்துத்திறன் மீட்டரை (தண்ணீரில் உப்பு கூடக் கூட இதன் எண் ஏறும்) எடுத்துக்கொண்டு இடக்கரை, நடு, வலக்கரை என்று மூன்று இடத்தில் தொட்டுப் பாருங்கள். எண் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றாக வருகிற இடம் வரை கீழே நடந்து, அங்கே இரண்டாவது இடத்தை வையுங்கள். இந்தப் பத்து நிமிடத்தைச் சேமிக்கப் போய் மூன்று மாத வேலையைக் குப்பையில் போட்டவர்களை எனக்குத் தெரியும், அவர்களில் ஒருவன் நான்.

'சுத்தமான இடம்' என்று ஒப்பிடுவதற்கு மலைக்குள் போக வேண்டியதில்லை. வனத்துறை அனுமதி இல்லாமல் போகவும் கூடாது. சித்திரைச்சாவடி அணைக்கட்டுப் பக்கம் பார்த்தாலே நகரத்துக்கு முந்தைய ஆறு எப்படி என்று ஓரளவு புரியும். ஆனால் அதைத் திருப்பூருக்குக் கீழே உள்ள மணல் படுகையோடு நேருக்கு நேர் ஒப்பிடாதீர்கள். கல்லும் வேகமும் குளிர்ச்சியும் உள்ள இடத்தில் இருக்கிற பூச்சி, சமவெளி மணலில் மாசே இல்லாவிட்டாலும் இருக்காது. கல்லைக் கல்லோடு ஒப்பிடுங்கள், மணலை மணலோடு.

மூன்று இடத்திலும் ஒரே மாதிரி படுகையைத் தேடுங்கள். கல்மேல் தண்ணீர் சலசலவென்று ஓடுகிற இடம்தான் முதல் தேர்வு, மடுவையும் கசத்தையும் விட்டுவிடுங்கள். சமவெளியில் சலசலப்பே கிடையாதே என்றால், தடுப்பணைக்குக் கீழே கொட்டிக் கிடக்கிற கற்களைப் பாருங்கள். அதுவும் இல்லையா, வெங்காயம் வருகிற வலைப்பையில் உடைந்த செங்கல்லைப் போட்டுக் கட்டி, தண்ணீருக்குள் தெரியாதபடி மறைத்து, நான்கிலிருந்து ஆறு வாரம் விட்டுவிட்டு எடுங்கள், பூச்சிகள் தானாகக் குடிவந்திருக்கும். மூன்று பை வேண்டுமென்றால் ஐந்து பை போடுங்கள். இரண்டை யாராவது நிச்சயம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

எப்போது போவது? வெள்ளம் வந்து போனதும் போகாதீர்கள், பூச்சிகளை எல்லாம் அடித்துக்கொண்டு போயிருக்கும், இரண்டு மூன்று வாரம் பொறுக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, ஜனவரியிலிருந்து மார்ச் வரை நீரோட்டம் அடங்கியிருக்கும், அப்போது நல்லது. கோடை உச்சத்தில் நகரத்துக்குக் கீழே ஓடுவது பெரும்பாலும் கழிவுநீர்தான். அதையும் ஒருமுறை பார்த்து வையுங்கள், ஆனால் அதை ஜனவரியோடு ஒப்பிடாதீர்கள்.

என்னென்ன வாங்க வேண்டும்

வலைதான் முதல் செலவு. ஆங்கில D எழுத்து வடிவத்தில், தட்டையான பக்கம் தரையில் உட்கார்கிற மாதிரி கம்பி வளைத்து, அதில் அரை மில்லிமீட்டர் கண் உள்ள நைலான் வலையைப் பை மாதிரி தைத்துக்கொள்ளுங்கள். கொசுவலை போதாதா என்று எல்லாரும் கேட்பார்கள். போதாது, கண் பெரிசு, சின்ன உருப்படிகள் எல்லாம் நழுவிவிடும். ஸ்கிரீன் பிரின்டிங் சாமான் விற்கிற கடையில் இருப்பதிலேயே முரட்டு மெஷ் எது என்று கேளுங்கள், திருப்பூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

அப்புறம் வெள்ளை பிளாஸ்டிக் ட்ரே இரண்டு (வெள்ளைதான் வேண்டும், நீலத்தில் பாதி பூச்சி தெரியாது), மாவு சல்லடை, டீ வடிகட்டி, பழைய பெயின்ட் பிரஷ், பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்கடை லென்ஸ், ஐஸ் கட்டி ட்ரே ஒன்று. கடைசியாகச் சொன்னது பிடித்த பூச்சிகளை இனம் இனமாகக் குழியில் போட. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், நீளக் கையுறை.

தண்ணீர்ப் பக்கம்: வெப்பமானி, பிஹெச் பேனா, மின்கடத்துத்திறன் மீட்டர், கரைந்த ஆக்சிஜன் கிட், அமோனியாவுக்கும் நைட்ரேட்டுக்கும் மீன்தொட்டிக் கடையில் கிடைக்கிற சொட்டுக் கிட். பிஹெச் பேனாவை 4, 7, 9.2 கரைசலிலும் மின்கடத்துத்திறன் மீட்டரை 1413 மைக்ரோசீமன்ஸ் கரைசலிலும் ஒவ்வொரு முறையும் கிளம்பும் முன் சரிபாருங்கள். டிடிஎஸ் பேனா என்பது தனி ஜாதி இல்லை, அதுவும் மின்கடத்துத்திறனைத்தான் அளக்கிறது, உள்ளே 0.5 அல்லது 0.7 போன்ற ஓர் எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. உங்கள் பேனா எதால் பெருக்குகிறது என்று தெரியாமல் இரண்டு பேர் அளவை ஒப்பிடாதீர்கள்.

தனியாகப் போகாதீர்கள். மணல் எடுத்த குழி தண்ணீருக்கு அடியில் தெரியாது, ஒரு கம்பால் குத்திக் குத்தித்தான் இறங்க வேண்டும். காலில் கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்று கரையில் நின்று நோட்டு எழுதுங்கள். சாக்கடைத் தண்ணீரில் எலிக்காய்ச்சல் வருவது சும்மா சொல்கிற கதை இல்லை.

தண்ணீர் முதலில், வலை பிறகு

படுகையைக் கலக்குவதற்கு முன்பே தண்ணீரை எடுத்துவிட வேண்டும். நீரோட்டத்துக்கு எதிராக நின்று, உங்கள் காலுக்கு மேல்பக்கத்துத் தண்ணீரை எடுங்கள். நேரத்தை எழுதுங்கள். இது அலங்காரத்துக்கு இல்லை, ஏன் என்று கீழே தெரியும்.

கரைந்த ஆக்சிஜனில் ஆரம்பியுங்கள், ஏனென்றால் பாட்டிலில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவதற்குள் அது மாறிவிடும். மீட்டர் வாங்க வசதி இல்லாதவர்களுக்கு விங்க்ளர் முறை, உண்மையில் எனக்கு அதுதான் பிடிக்கும். குமிழி இல்லாமல் பாட்டிலை நிரப்பி, மாங்கனீசு சல்பேட் கரைசலையும், பிறகு காரமான அயோடைடு கரைசலையும் விட்டு மூடிக் குலுக்குங்கள். உள்ளே பஞ்சு மாதிரி ஒரு படிவு இறங்கும். அது காபிப்பொடி நிறத்தில் இருந்தால் ஆக்சிஜன் இருக்கிறது. வெள்ளையாகவே நின்றால் இல்லை. முதல்முறை ஒரு சாக்கடை முகத்துவாரத்தில் அந்தப் பாட்டிலுக்குள் வெள்ளைப் பஞ்சு மெதுவாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் ஞாபகம் இருக்கிறது, எண் எதுவும் தேவைப்படவில்லை. அப்புறம் கந்தக அமிலம் விட்டால் படிவு கரைந்து டீ டிகாஷன் நிறம் வரும். அதில் 200 மில்லி எடுத்து, 0.025 நார்மல் செறிவுள்ள தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, வெளிர் மஞ்சள் ஆனதும் ஸ்டார்ச் போட்டு, நீலம் மறைகிற வரை விடுங்கள். எத்தனை மில்லி செலவானதோ அதுவே லிட்டருக்கு அத்தனை மில்லிகிராம் ஆக்சிஜன். அமிலத்தைக் கையாளத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

எண்ணை எப்படிப் படிப்பது? 25 டிகிரியில் நல்ல தண்ணீர் அதிகபட்சம் 8.3 மில்லிகிராம் அளவுக்கு ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும், 30 டிகிரியில் 7.6 அளவுக்கு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாட்டில் குளிக்கிற தண்ணீருக்கு 5, மீன் வாழ 4 இருக்க வேண்டும். சரி, மத்தியானம் இரண்டு மணிக்கு 11 வந்தால்? ரொம்ப சுத்தம் என்று துள்ளாதீர்கள். பச்சைப் பாசி வெயிலில் ஆக்சிஜனை ஊதித் தள்ளுகிறது. அதே இடத்தில் விடியற்காலை ஐந்து மணிக்கு அளந்தால் ராத்திரி முழுக்க அந்தப் பாசியே அதைச் சுவாசித்துத் தீர்த்திருக்கும், மீன் செத்து மிதப்பது அந்த நேரத்தில்தான். நேரத்தை எழுதச் சொன்னது இதனால்தான். முடிந்தால் ஒருமுறையாவது விடியலுக்கு முன் போய் அளங்கள்.

பிஹெச் 6.5 முதல் 8.5 வரை இருந்தால் கவலை இல்லை. அமோனியாவைப் படிக்கும்போது மட்டும் பிஹெச்சையும் சேர்த்துப் பாருங்கள். 30 டிகிரி வெப்பத்தில் பிஹெச் 7 என்றால் மொத்த அமோனியாவில் விஷமான பங்கு நூற்றில் ஒன்றுகூட இல்லை, பிஹெச் 9 என்றால் ஏறக்குறைய பாதி விஷம். கிட் காட்டுகிற நிறம் இரண்டிலும் ஒன்றேதான். நைட்ரேட் அளவை எழுதும்போது 'நைட்ரேட்டாகவா, நைட்ரஜனாகவா' என்று குறியுங்கள், இரண்டுக்கும் நடுவே 4.4 மடங்கு வித்தியாசம்.

பிஓடி (தண்ணீரில் உள்ள அழுக்கைக் கிருமிகள் தின்னும்போது செலவாகிற ஆக்சிஜன்) பார்க்க லேப்தான். பாட்டிலை ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொடுங்கள். நம் நாட்டில் 27 டிகிரியில் 3 நாள் வைத்துப் பார்ப்பார்கள், வெளிநாட்டுக் கட்டுரைகளில் 20 டிகிரியில் 5 நாள் என்று இருக்கும். குளிக்கத் தகுந்த தண்ணீருக்கு 3 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். காசு இருந்தால் சிஓடியும் (அதே அழுக்கை ரசாயனத்தால் சிதைக்கத் தேவையான ஆக்சிஜன்) கேளுங்கள். சிஓடி ஏகத்துக்கு உயர்ந்து பிஓடி குறைவாக இருந்தால் அது வீட்டுச் சாக்கடை இல்லை, கிருமிகளால் எளிதில் தின்ன முடியாத ஏதோ ஆலைச் சரக்கு.

உப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற, சாயக்குளியலில் லிட்டருக்குப் பல பத்து கிராம் உப்பு போடுகிறார்கள், சமையல் உப்போ கிளாபர் உப்போ (சோடியம் சல்பேட்). துணி சாயத்தை எடுத்துக்கொள்ளும், உப்பை எடுத்துக்கொள்ளாது. அது முழுக்கக் கழிவுநீரில்தான். நிறத்தை நீக்குவது சுலபம், உப்பை நீக்க ஆர்.ஓ. வடிகட்டியும் ஆவியாக்கியும் வேண்டும், செலவு அங்கேதான். 1992இல் பாசனத்துக்கென்று நொய்யலில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமாக மாறிப்போனதும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும், கழிவைச் சொட்டுகூட வெளியே விடக்கூடாது என்ற ஏற்பாட்டின் கீழ்தான் அவை மறுபடி திறந்ததும் இந்த உப்பின் கதைதான். அதனால் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று ஏமாறாதீர்கள். மலையடிவாரத்தில் மின்கடத்துத்திறன் நூறு மைக்ரோசீமன்ஸுக்குக் கீழேகூட இருக்கும். பாசனத்துக்கு மேல்வரம்பு 2250. கொங்குப் பகுதி நிலத்தடி நீரே உப்புக் கூடியதுதான் என்பதால் சமவெளியில் கொஞ்சம் உயர்வது இயல்பு. ஆனால் அரை கிலோமீட்டருக்குள் எண் இரண்டு மடங்கானால் நடுவில் எங்கோ ஒரு குழாய் இருக்கிறது.

இப்போது வலை

வலையின் தட்டையான பக்கத்தைத் தரையில் ஊன்றி, வாய் நீரோட்டத்தைப் பார்க்கப் பிடியுங்கள். வலைக்கு மேல்பக்கம் நின்று, காலால் கற்களை நன்றாகக் கிளறுங்கள், புரண்டதெல்லாம் வலைக்குள் வரும். மொத்தம் மூன்று நிமிடம், கல், சரளை, செடி வேர் ஓரம் என்று இருக்கிற எல்லா இடத்துக்கும் பிரித்துக் கொடுத்து. பிறகு ஒரு நிமிடம் பெரிய கற்களைக் கையால் எடுத்து பிரஷால் தேய்த்து ட்ரேயில் விடுங்கள். மூன்று இடத்திலும் அதே மூன்று நிமிடம், கூடுமானவரை அதே ஆள். சுத்தமான இடத்தில் ஆரம்பித்து அழுக்கான இடத்தில் முடியுங்கள், நடுவில் வலையை அலசுங்கள்.

ட்ரேயில் ஒரு விரல்கடை தண்ணீர் விட்டு வலையைக் கவிழ்த்துவிட்டுச் சும்மா இருங்கள். முதலில் வெறும் இலைச்சருகும் மண்ணும்தான் தெரியும். இரண்டு நிமிடம் போனால் சருகு என்று நினைத்தது நடக்க ஆரம்பிக்கும், குச்சி என்று நினைத்ததிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்க்கும். பொறுமை இல்லாதவர்கள் இந்த இடத்தில்தான் 'ஒன்றும் இல்லை' என்று ட்ரேயைக் கொட்டிவிடுவார்கள்.

யார் யார் என்று பார்ப்போம். ஆறு கால், வயிற்றின் இருபுறமும் சிறகு மாதிரி துடிக்கிற செவுள், பின்னால் பெரும்பாலும் மூன்று வால்: அது மேஃப்ளையின் இளம்பருவம். அதே மாதிரி இருந்து வால் இரண்டே இரண்டு, வயிற்றில் செவுள் இல்லை, கால் நுனியில் இரண்டு நகம் என்றால் ஸ்டோன்ஃப்ளை. வாலை மட்டும் நம்பாதீர்கள், மேஃப்ளையிலும் இரண்டு வால் உள்ளவை உண்டு, வாலும் உடைந்துபோகும். மேஃப்ளைக்குக் காலுக்கு ஒரே நகம், அதை லென்ஸில் பாருங்கள். ஸ்டோன்ஃப்ளை கிடைத்தால் அன்றைக்கு உங்களுக்கு அதிர்ஷ்டம், குளிர்ந்த, ஆக்சிஜன் நிறைந்த மலைத் தண்ணீரில்தான் பெரும்பாலும் இருக்கும். மணல் துகளையோ இலைத் துண்டையோ ஒட்டிக் கூடு கட்டிக்கொண்டு அதோடு நடப்பது கேடிஸ்ஃப்ளை. கூடு இல்லாமல், கல்லிடுக்கில் வலை பின்னி அதில் சிக்குவதைத் தின்கிற கேடிஸும் உண்டு. தட்டானின் குழந்தை குட்டையாகக் கொழுத்திருக்கும், ஊசித்தட்டானுக்கு ஒல்லி உடம்பு, பின்னால் மூன்று இலை.

அழுக்குப் பக்கத்து ஆட்கள்: கைரோனோமிட் என்கிற சிவப்புப் புழு. அது கொசு மாதிரி ஓர் ஈயின் குழந்தை, நம் ரத்தத்தில் இருக்கிற அதே வகை ஹீமோகுளோபின் அதன் உடம்பிலும் உண்டு, அதனால்தான் ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் பிழைக்கிறது. மீன்தொட்டிக் கடையில் உருண்டையாக விற்கிற ட்யூபிஃபெக்ஸ் புழு, தலையைச் சேற்றில் புதைத்து வாலை ஆட்டிக்கொண்டிருக்கும். அட்டை. அப்புறம் ஃபைசா நத்தை. நத்தையை நுனி மேலாகப் பிடித்து வாயை உங்கள் பக்கம் திருப்புங்கள், வாய் இடது பக்கம் இருந்தால் ஃபைசா, மற்ற பெரும்பாலான நத்தைகளுக்கு வலது பக்கம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. தண்ணீர்மேல் ஓடுகிற பூச்சி, மல்லாந்து நீந்துகிற பூச்சி, கொசுப்புழு, ஃபைசா நத்தை எல்லாம் மேலே வந்து காற்றைச் சுவாசிப்பவை. தண்ணீரில் ஆக்சிஜன் இருக்கிறதா என்று அவற்றிடம் கேட்டுப் பயனில்லை. 'பூச்சி நிறைய ஓடுது, ஆறு நல்லாத்தான் இருக்கு' என்று சொல்கிறவர்கள் இவற்றைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள்.

எண்ணிவிட்டு உயிரோடு ஆற்றிலேயே விட்டுவிடுங்கள். அடையாளம் தெரியாததில் ஒன்றிரண்டை மட்டும் எழுபது சதவீத ஆல்கஹாலில் போட்டு, இடமும் தேதியும் பென்சிலால் எழுதிய துண்டுச்சீட்டை பாட்டிலுக்கு உள்ளே போடுங்கள். பேனாவால் எழுதினால் ஆல்கஹாலில் கரைந்துவிடும், நான் எழுதி, கரைந்து, அழுதிருக்கிறேன்.

மதிப்பெண் போடுவது

பிரிட்டனில் 1970களின் கடைசியில் உருவான பிஎம்டபிள்யூபி என்ற முறைதான் பலரும் பயன்படுத்துவது, நம் மத்திய வாரியமும் யமுனையில் வேலை செய்து இதை இந்திய ஆறுகளுக்குத் தக்கபடி கொஞ்சம் மாற்றி வைத்திருக்கிறது. ஒவ்வொரு பூச்சிக் குடும்பத்துக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண், மாசைத் தாங்காத குடும்பத்துக்கு அதிகம். ஒரு குடும்பத்தில் ஒன்று கிடைத்தாலும் நூறு கிடைத்தாலும் அதே மதிப்பெண்தான். எல்லாவற்றையும் கூட்டி, குடும்ப எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி.

உதாரணத்துக்கு, மேல் இடத்தில் கிடைத்தவை: தட்டை உடம்பு மேஃப்ளையான ஹெப்டஜெனிடே 10, இன்னொரு மேஃப்ளைக் குடும்பமான லெப்டோஃப்லெபிடே 10, கோம்ஃபிடே தட்டான் 8, வலை பின்னும் கேடிஸ் 5, எல்மிடே வண்டு 5, பேட்டிடே மேஃப்ளை 4, கைரோனோமிட் 2. கூட்டினால் 44, ஏழால் வகுத்தால் 6.3. கீழ் இடத்தில் ஃபைசா 3, அட்டை 3, கைரோனோமிட் 2, ட்யூபிஃபெக்ஸ் வகைப் புழு 1. கூட்டினால் 9, நான்கால் வகுத்தால் 2.25. வாரியத்தின் அளவுகோலில் 7க்கு மேல் சுத்தம், 6 முதல் 7 வரை லேசான மாசு, 3 முதல் 6 நடுத்தரம், 2 முதல் 5 கடுமை, 2க்குக் கீழே மிகக் கடுமை.

நடுத்தரமும் கடுமையும் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிறதே என்று கேட்பீர்கள். அதைப் பிரிக்கத்தான் இரண்டாவதாகப் பன்முக எண். பிடித்தவற்றைக் கலக்கி, கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிற மாதிரி ஒவ்வொன்றாக எடுத்து வரிசையில் வையுங்கள். முந்தையதிலிருந்து வேறாக இருந்தால் ஒரு புதுத் தொடர், ஒன்றேயானால் அதே தொடர். ஐம்பதை எடுத்ததில் எட்டே தொடர் வந்தால் 8ஐ 50ஆல் வகுத்து 0.16. அதாவது ஒரே ஜாதி கூட்டம் கூட்டமாக ஆக்கிரமித்திருக்கிறது, எண் குறையக் குறைய மாசு கடுமை. பெயரே தெரியாவிட்டாலும் இதைச் செய்யலாம் என்பதுதான் இதன் அழகு, பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போனால் இதிலிருந்தே ஆரம்பியுங்கள்.

மதிப்பெண்ணை வேதவாக்காக எடுக்காதீர்கள். பிரிட்டன் பட்டியலில் லிபெல்லுலிடே தட்டானுக்கு 8, நம்மூரிலோ அது அரைச் சாக்கடைக் குளத்திலும் ஜம்மென்று இருக்கும். இன்னொன்று, இந்த மதிப்பெண்கள் சாக்கடை மாதிரி அழுகுகிற மாசை மனதில் வைத்துப் போடப்பட்டவை. உப்புக்கோ உலோகத்துக்கோ அவை அளவுகோல் இல்லை. சாய உப்பு அதிகமாக உள்ள இடத்தில் ஆக்சிஜன் நன்றாக இருக்கும், மேஃப்ளை காணாமல் போயிருக்கும், உப்பைத் தாங்குகிற நீர்வண்டும் மூட்டைப்பூச்சி இனத்து நீந்திகளும் 5, 5 என்று மதிப்பெண் வாங்கிக் கொடுத்து சராசரியை நடுத்தரத்தில் நிறுத்திவிடும். மீட்டர் இல்லாமல் பூச்சியை மட்டும் நம்பினால் இங்கே ஏமாறுவீர்கள்.

சேர்த்துப் படிப்பது

பூச்சியும் மோசம், ஆக்சிஜன் குறைவு, அமோனியா அதிகம் என்றால் பெரும்பாலும் வீட்டுச் சாக்கடை, யோசிக்க அதிகம் இல்லை. தண்ணீர் நன்றாக இருந்து பூச்சி மட்டும் இல்லாவிட்டால் இரண்டு சந்தேகம். ஒன்று, நீங்கள் இல்லாத நேரத்தில், ராத்திரியிலோ மழையிலோ, விட்டுவிட்டு எதையோ திறக்கிறார்கள், அல்லது தோட்டத்து மருந்து கழுவி வந்திருக்கிறது. இன்னொன்று, அந்த இடம் போன மாதம் வறண்டே கிடந்தது, யாரும் குடிவரவே நேரமில்லை. இதைக் கரையில் ஆடு மேய்ப்பவரிடம் கேட்டால் தெரிந்துவிடும், கேட்காமல் ஆலைமேல் பழி போடாதீர்கள். தண்ணீர் மோசம், பூச்சி அருமை என்று வந்தால் முதலில் மீட்டரைச் சந்தேகப்படுங்கள், சரிபார்த்தும் அப்படியே என்றால் கழிவு இன்றைக்குத்தான் வந்திருக்கிறது, ஒரு வாரம் கழித்து மறுபடி வாருங்கள். ஆக்சிஜன் சரி, அமோனியா இல்லை, மின்கடத்துத்திறன் மட்டும் எகிறுகிறது, மேஃப்ளை இல்லை என்றால் உப்பு. குளோரைடு, சல்பேட் இரண்டையும் லேபில் கேளுங்கள்.

ஒரு தடவை பார்த்ததை வைத்து எதையும் முடிவு கட்டாதீர்கள். அதே மூன்று இடம், அதே நேரம், வருடத்துக்கு மூன்று நான்கு முறை. இரண்டாவது வருடத்தில்தான் உங்களுக்கே ஆறு பிடிபட ஆரம்பிக்கும்.

அப்புறம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குக் கொடுக்கிற மனு. உங்கள் அளவு கோர்ட்டில் சாட்சியாக நிற்காது. 1974 நீர்ச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி வாரிய அதிகாரி முறையாக நோட்டீஸ் கொடுத்து எடுத்து, முத்திரை வைத்த சாம்பிள்தான் செல்லும். ஆனால் அந்த அதிகாரி எந்த நாள், எந்த நேரம், எந்தப் பாலத்துக்குக் கீழே வர வேண்டும் என்று அவருக்குச் சொல்ல முடிந்தவர் நீங்கள்தான். அதனால் மனுவில் 'ஆறு செத்துவிட்டது' என்று எழுதாதீர்கள், அப்படி எழுதிய மனு ஏற்கெனவே கட்டுக்கட்டாக அங்கே இருக்கிறது. பாலத்துக்கு மேலே மின்கடத்துத்திறன் இவ்வளவு, இருநூறு மீட்டர் கீழே இவ்வளவு, மேலே ஏழு குடும்பம், கீழே நான்கு, மூன்று முறை பார்த்ததில் மூன்று முறையும் இப்படி, சனிக்கிழமை இரவு மழைக்குப் பிறகு இடக்கரைக் குழாயில் வெதுவெதுப்பாக வருகிறது என்று எழுதுங்கள். வெப்பமானியை மறக்காமல் எடுத்துப் போகச் சொன்னது அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான்.